காட் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். அண்ணனுக்கு 36 வயது, பாரிசுக்குப் போய் நாலு வருசம். அகதிக் கோரிக்கையைப் பார்க்கிற ஒப்ரா அலுவலகத்திலும் மேன்முறையீட்டிலும் கேஸ் றிஜெக்ட், இப்போது கையில் விசா இல்லை, அங்கே தங்க அனுமதிக்கிற காட்டும் இல்லை. இங்கே முள்ளியவளையில் இருக்கும்போதே சீனி வருத்தம் பிடிபட்டு, மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் கிளினிக் போனவர். அங்கே போன பிறகு நீங்கள்தான் போகிற வருகிற ஆட்களிடம் மெற்போமின் குளிசை கொடுத்து அனுப்புகிறீர்கள். மூன்று கிழமையாக வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிசுக்குச் சொல்லிப் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று அவர் பயப்படுகிறார், அதனால் இங்கேயிருந்து என்ன மருந்து வாங்கி அனுப்பலாம் என்று கேட்கிறீர்கள்.

புண்ணுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். அவரை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். இதைச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

சீனி கனகாலம் கூடியிருந்தால் கால் நரம்புகள் மரத்துப் போகும், இரத்த ஓட்டமும் குறையும். மரத்த காலில் புண் வந்தால் நோவு தெரியாது. "நோகவில்லை, அதனால் பெரிய பிரச்சினை இல்லை" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் பயத்தைத் தந்தது. நோகாமல் இருப்பதால்தான் அந்தக் காலில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று கோப்பை கழுவ முடிகிறது, ஈரச் சப்பாத்துக்குள் புண் ஊறிக்கொண்டே இருக்கிறது, கிருமி உள்ளே எலும்பு வரைக்கும் போகிறது. எலும்புக்குப் போனால் விரலை எடுக்க வேண்டி வரலாம், இன்னும் பிந்தினால் காலையே எடுக்க நேரும். காய்ச்சல், நடுக்கம், புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்குவது, கறுப்பது, மணம் வருவது, இதில் ஒன்று இருந்தாலும் நடுச்சாமம் என்றாலும் பெரிய ஆஸ்பத்திரியின் 'உர்ஜோன்ஸ்' என்ற அவசரப் பிரிவு வாசலுக்குப் போக வேண்டும், நடக்க ஏலாவிட்டால் 15 என்ற அவசர மருத்துவ இலக்கத்துக்கு அடிக்க வேண்டும். புதுக்குடியிருப்புப் பார்மசியில் வாங்குகிற அமொக்சிசிலின் பெட்டியோ ஓயின்மென்ரோ இதற்குக் காணாது. புண்ணை வெட்டித் துப்புரவாக்கி, எக்ஸ்ரே எடுத்து, என்ன கிருமி என்று பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள்.

சரி, இனி அந்தப் பயத்தைப் பற்றி.

நான் வட்டக்கச்சிக்காரன். 1998இல் ஏஜென்சி மூலம் போய், பாரிசில் ஏழு வருசம் விசா இல்லாமல் இருந்தேன். காட் கிடைத்த பிறகு எங்கள் ஆட்களுக்கு ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்த்துச் சொல்கிற வேலையைப் பல வருசம் செய்துவிட்டு ஊர் திரும்பினேன். நான் வைத்தியர் இல்லை, ஆனால் வைத்தியருக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் நின்று கேட்டவை ஏராளம். 2001இல் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆறு பேர் படுக்கிற அறையில் ஐந்து நாள் சுருண்டு கிடந்தேன். பக்கத்துப் படுக்கை அண்ணை ஒருவர் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் நீலச் சீருடையோடு ஒருவன் நிற்பதைக் கண்டதும் நான் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டேன். அவன் வருகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிற வெறும் செக்கியூரிட்டி. எனக்கோ அது வன்னி வாசலில் இருந்த ஆமிச் சோதனைச் சாவடியாகத் தெரிந்தது. சீருடை, வரிசை, "அடையாள அட்டை எங்கே" என்கிற கேள்வி, மேசையில் ஒரு பதிவுப் புத்தகம், இவை நாலும் ஒன்றாக இருக்கிற இடத்தில் என்ன நடக்கும் என்று வன்னியில் வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அண்ணனின் பயம் முட்டாள்தனம் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அது இங்கே படித்த பாடம், அந்த வாசலில் செல்லாது, அவ்வளவுதான்.

ஏன் செல்லாது என்றால், பிரான்சில் மருத்துவ ரகசியத்தை வெளியில் சொல்வது தண்டனைச் சட்டப்படி குற்றம். வைத்தியர், தாதி, பதிவு மேசையில் இருப்பவர் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். மீறினால் ஒரு வருசச் சிறையும் 15,000 யூரோ தண்டமும் வரை போகலாம். ஆஸ்பத்திரிக்காரர் நோயாளியின் விசா நிலையைப் பொலிசுக்கோ, விசா விசயம் பார்க்கிற பிறிபெக்சர் அலுவலகத்துக்கோ அறிவிக்க மாட்டார்கள், அது அவர்களுடைய வேலையும் இல்லை. நாட்டை விட்டுப் போகச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருந்தால்கூட இதுதான் நிலை. நான் மொழிபெயர்த்த அத்தனை வருசத்திலும் சிகிச்சைக்கு வந்த ஒருவரை ஆஸ்பத்திரி பிடித்துக் கொடுத்ததைக் கண்டதில்லை. ரோட்டிலும் ரயில் நிலையத்திலும் செக்கிங் நடக்கும், அது உண்மை. அதனால் போகிற வழிக்கு ரிக்கெற் ஒழுங்காக எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ரிக்கெற் இல்லாமல் பிடிபட்டுத்தான் கன பேருக்கு விசாப் பிரச்சினை தொடங்கியது.

காசு? அதற்கும் வழி இருக்கிறது. பெரிய அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'பாஸ்' என்று ஒரு பிரிவு உண்டு. 1998இல் வந்த சட்டம் ஒன்றின்படி, காப்புறுதி இல்லாதவர்களுக்காகவே திறந்தது. அங்கே வைத்தியரும் இருப்பார், சமூக சேவை உத்தியோகத்தரும் இருப்பார். காட் இல்லை, காசு இல்லை என்று சொன்னாலும் பார்ப்பார்கள், மருந்தும் கொடுப்பார்கள். அண்ணன் சொல்ல வேண்டியது ஒரு சொல்தான்: "பாஸ்". அதோடு "அசிஸ்தோந்த் சோசியால்" என்று கேட்டால் உத்தியோகத்தரிடம் அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகள் எனக்குத் தெரிந்த வரைக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் மிகவும் பொறுமையானவர்கள்.

அங்கேயே அவருக்கு அரச மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பிரெஞ்சில் 'ஏட் மெடிக்கால் தெத்தா'. 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. விசா இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் நாட்டில் இருப்பவர், வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால், ஒரு வருசத்துக்கு இந்த அட்டை கிடைக்கும். வைத்தியர், ஆஸ்பத்திரி, இரத்தப் பரிசோதனை, இன்சுலின் எல்லாவற்றையும் அரசு தன் கட்டண அளவுக்குக் கட்டும், அவர் முன்கூட்டிக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சில அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளுக்கு மட்டும் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும், அண்ணனுடைய காலுக்கு அது பொருந்தாது. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவருக்குப் பழைய காப்புறுதி இன்னும் ஆறு மாதம் ஓடும், அதற்குள்ளேயே இதற்கு விண்ணப்பித்திருந்தால் இடைவெளியே வந்திராது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாதவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஒரு கேசுக்குக் காசு வாங்கிக் கதை எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லத் தெரியவில்லை.

முதல் தடவை விண்ணப்பத்தை அவரே நேரில் போய்க் கொடுக்க வேண்டும், தபாலில் போட ஏலாது. தேவையானவை இவ்வளவுதான்: தான் யார் என்று காட்ட ஒன்று, மூன்று மாதத்துக்கு மேல் பிரான்சில் இருக்கிறார் என்று காட்ட ஒன்று, ஒரு முகவரி, வருமானம் பற்றிய கையொப்பம். பாஸ்போட் ஏஜென்சிக்காரனிடம் போய்விட்டது என்றால் பிறப்புச் சான்றிதழ் உதவும், அது மட்டும் காணுமா என்று பாஸில் கேட்கட்டும், அதைத்தான் நீங்கள் இங்கேயிருந்து எடுத்து மொழிபெயர்த்து அனுப்பலாம். குளிசையைவிடப் பெரிய உதவி அது. 2009இல் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்த குடும்பம் என்றால் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுக்கலாம். மூன்று மாத ஆதாரத்துக்கு ஒப்ராவின் றிஜெக்ட் கடிதமே காணும், அதைக் கோபத்தில் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். முகவரிக்கு அறைக்காரர் எழுதித் தராவிட்டால் தபால் முகவரி கொடுக்கிற சங்கங்கள் இருக்கின்றன, அதையும் பாஸிலேயே சொல்வார்கள். அட்டை முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கப் போட வேண்டும், இதை மறந்து நடுவில் மருந்தில்லாமல் நின்றவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

அண்ணனைப் போல் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? 2019இல் பாரிசிலும் பொர்தோவிலும் விசா இல்லாதவர்களிடம் எடுத்த ஆய்வு ஒன்றில், இந்த உதவிக்குத் தகுதியானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் அது இருந்தது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்க, மற்றப் பாதி வெளியில் நிற்கிறது. 2023 நவம்பரில் அங்குள்ள செனற் சபை இந்த உதவியையே எடுத்துவிட்டு அவசர சிகிச்சையை மட்டும் வைக்க வாக்களித்தது. வைத்தியர்கள் ஆயிரக்கணக்கில் எதிர்த்தார்கள், கடைசிச் சட்டத்தில் அந்தப் பகுதி வரவில்லை. இப்படி ஒரு செய்தி வந்தாலே எங்கள் ஆட்களுக்குள் "மருத்துவ உதவியை நிற்பாட்டிப் போட்டான்களாம்" என்று கதை பரவும். பாரிசின் லாச்சப்பல் தமிழ்க் கடைத் தெருவில் கேட்ட கதையை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காட் உள்ள சினேகிதனின் மருத்துவ அட்டையைக் காட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். சொல்லாமல் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் வேலைக்கும் அப்படித்தான் இன்னொருவரின் பெயரில் போகிறார்கள். செய்யவே கூடாது. நான் மொழிபெயர்க்கப் போன இடத்தில் ஒருவர் மயங்கிய நிலையில் வந்திருந்தார், அட்டை இன்னொருவருடையது. கம்பியூட்டரில் அந்த மற்றவரின் இரத்த வகை, அந்த மற்றவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. கூட வந்தவன் பயத்தில் உண்மையைச் சொல்லாமல் நின்றான். நான் வெளியே கூட்டிக்கொண்டு போய் அரை மணித்தியாலம் கதைத்த பிறகுதான் வாயைத் திறந்தான். அந்த அரை மணித்தியாலம் இன்றைக்கும் எனக்கு நினைவில் வரும். அட்டை கொடுத்தவருக்கும் கேடுதான், அவருக்கு இல்லாத வருத்தம் எல்லாம் அவருடைய கோவையில் ஏறிவிடும், பிறகு எந்த வைத்தியரும் பிழையான கோவையைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார்.

வேலை இடத்தில் காயப்பட்டாலும் இதே கதைதான். எண்ணெய் கொட்டிக் கை வெந்தவனை முதலாளி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, "வீட்டில் விழுந்தது என்று சொல்லு" என்பார். அவனும் வேலை போகுமென்ற பயத்தில் அப்படியே சொல்வான். பிரான்சில் விசா இல்லாதவருக்கும், பதிவில்லாமல் வேலை செய்தவருக்கும்கூட, வேலையிட விபத்துக்கான இழப்பீட்டு உரிமை உண்டு. வைத்தியரிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லி அதை எழுதுவித்தால்தான் அந்த உரிமை நிற்கும். இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மொழி தெரியாது என்பதற்காக முதலாளியையோ அறைக்காரரையோ கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அவர்கள் முன்னால் வருத்தத்தைச் சொல்ல ஏலாது, சிலது சொல்லவும் கூடாது. "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேட்டால் பல ஆஸ்பத்திரிகள் தொலைபேசியில் ஆளைப் பிடித்துக் கொடுக்கும்.

இனி இங்கே, எங்கள் பக்கம். இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தொடங்கினேன், உங்களுக்கு நோகலாம், ஆனால் நான் உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அண்ணன் போவதற்குக் காணி உறுதியை ஈடு வைத்திருப்பீர்கள், நகை அடைவில் இருக்கும், வட்டி மாதாமாதம் ஏறும். ஒவ்வொரு தடவை கதைக்கும்போதும் அவர் "நல்லா இருக்கிறன்" என்பார், நீங்கள் "இந்த மாதம் கொஞ்சம் கூடப் போடுவீங்களோ அண்ணா" என்று கேட்பீர்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை, வீட்டில் தேவை இருக்கிறது. ஆனால் அவர் காதில் அது எப்படி விழுகிறது என்று நான் சொல்கிறேன், ஏழு வருசம் அந்தப் பக்கத்தில் நின்று கேட்டவன். ஒரு நாள் லீவு எடுத்தால் ஒரு நாள் சம்பளம் இல்லை, இரண்டு நாள் எடுத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள். ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைப்பார்கள், படுத்தால் வட்டி யார் கட்டுவது? இந்தக் கணக்கைப் பொலிசுப் பயம் என்ற பெயரில் சொல்வது அவருக்குச் சுகம். காசுக்காகப் போகவில்லை என்று தங்கச்சியிடம் எந்த அண்ணன் சொல்வான்? பொலிசைப் பற்றி நான் மேலே எழுதியதை எல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டினாலும், "இரண்டு மாதம் காசு அனுப்பாவிட்டாலும் நாங்கள் சமாளிப்போம், வட்டிக்காரரோடு நான் கதைக்கிறேன்" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து, முடிந்தால் அம்மாவின் வாயிலிருந்து, போகாவிட்டால் அவர் அசைவாரோ தெரியாது. அதைச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் வட்டிக்காரரோடு உண்மையில் கதைத்துவிடுங்கள்.

குளிசை அனுப்புவதும் இதோடு சேர்ந்தது. அன்பால் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும், என் அம்மாவும் கொத்தமல்லியும் பனடோலும் அனுப்பியவர்தான். ஆனால் நாலு வருசமாக இரத்தம் சோதிக்காமல், ஒரே அளவு குளிசையை ஒருவர் விழுங்கிக்கொண்டிருக்கிறார். சீனி எவ்வளவு என்று தெரியாது, சிறுநீரகம் எப்படி என்று தெரியாது. சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மெற்போமினே ஆபத்தாகலாம். மூன்று மாதத்துச் சராசரிச் சீனியைக் காட்டுகிற பரிசோதனை ஒன்று இருக்கிறதே, அதை அவர் கடைசியாக எப்போது செய்தார்? இங்கே மாஞ்சோலைக் கிளினிக்கில் இருந்திருந்தால் விடிய எழும்பி பஸ் பிடித்து, துண்டு எடுத்து, வாங்கில் இருந்து அலுத்தாலும் யாரோ ஒருவர் கொப்பியைப் பார்த்து "சீனி கூடியிருக்கு" என்று ஏசியிருப்பார். அந்த ஏச்சுத்தான் அவருக்கு அங்கே இல்லாமல் போனது. உங்கள் பெட்டி போய்ச் சேருகிற வரைக்கும் அவருக்கும் வைத்தியரிடம் போகத் தேவை வராது. ஆகவே குளிசை அனுப்புவதை நிறுத்துங்கள், ஆனால் அங்கே வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்து கைக்கு வந்த பிறகு. நடுவில் வெறுமனே நிறுத்தினால் சீனி இன்னும் ஏறும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வன்னி ஆள் என்பதால் சொல்கிறேன். அண்ணனின் உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறதா? 2009இல் காயப்பட்டவர் என்றால் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எம்ஆர்ஐ என்ற ஸ்கான் பெரிய காந்தம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால், அதுவும் கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் இருந்தால், அது அசைந்து பெரிய சேதம் செய்யும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். அங்குள்ள வைத்தியர்கள் "உடம்பில் உலோகம் ஏதாவது" என்று கேட்பார்கள், எங்கள் ஆட்கள் பல்லுக் கட்டியதை நினைத்து "இல்லை" என்பார்கள். சிலர் செல் துண்டைச் சொன்னால் இயக்கமோ என்று கேட்பார்கள் என்று பயந்து மறைப்பார்கள். புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுபோகப்பட்டவர்களில் பலரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை, அதனால் வாயால் சொல்வதுதான் ஒரே ஆதாரம். சொன்னால் ஒரு தீங்கும் இல்லை, அதுவும் மருத்துவ ரகசியம்.

ஆறு பேர், எட்டுப் பேர் ஒரு அறையில் முறை வைத்துப் படுக்கிற இடத்தில் காசநோய் பரவும். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் இருமல், இரவில் வியர்வை, உடம்பு மெலிவு என்றால் சோதிக்க வேண்டும். பிரான்சில் அதற்கென்று நிலையங்கள் இருக்கின்றன, விசா கேட்காமல் இலவசமாகப் பார்ப்பார்கள், மருந்து வழக்கமாக ஆறு மாதம். கசம் என்று ஊரில் தெரிந்தால் தங்கச்சிக்குக் கலியாணம் நடக்காது என்று மறைத்து, கூட இருந்த மூன்று பேருக்கும் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கர்ப்பிணிப் பெண்களின் நிலை இன்னும் கடினம். இங்கே வயிற்றில் பிள்ளை என்றால் மிட்வைஃப் வீடு தேடி வருவார், பெயர் பதிவார், வராவிட்டால் தேடுவார். அப்படி வளர்ந்த பிள்ளை அங்கே போய், யாரும் தேடி வராததை 'என்னைப் பார்க்க மாட்டார்கள்' என்று எடுத்துக்கொள்கிறது. ஏழாம் மாதம் வரைக்கும் ஒரு ஸ்கானும் எடுக்காமல் இருந்தவர்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். 'பே எம் ஈ' என்ற தாய் சேய் நிலையங்கள் கர்ப்பிணிகளையும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் இலவசமாகப் பார்க்கும், விசா தேவையில்லை.

வேறு நாடுகளில் ஆட்கள் இருப்பவர்களும் இதை வாசிப்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஜீபி என்ற குடும்ப வைத்தியரிடம் பதிய விசா தேவையில்லை, முகவரி ஆதாரம் இல்லை என்று பதிய மறுப்பது விதிக்கு மாறு. ஜீபியும் அவசரப் பிரிவும் இலவசம், காசநோய், எச்ஐவி போன்ற தொற்றுகளும் இலவசம். ஆனால் ஆஸ்பத்திரியில் தொடர்ந்து பார்க்கும்போது வழக்கமான கட்டணத்தின் 150 வீதம் பில் வரும், 2017 ஒக்ரோபரிலிருந்து அவசரமில்லாத சிகிச்சைக்கு முன்கூட்டியே காசு கேட்பார்கள், 500 பவுண்சுக்கு மேல் கடன் இரண்டு மாதம் கட்டாமல் கிடந்தால் உள்துறைக்கு அறிவிப்பார்கள். அதனால் அங்கே பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பில் வந்தால் ஒளியாமல், தவணை முறையில் கட்டுகிறேன் என்று எழுதிக் கேட்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பில் வரும், ஆனால் காசில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் கேஸ் மறுக்கப்பட்டவருக்கும் ஆஸ்பத்திரி இலவசம்.

இத்தாலியில் 'எஸ்.ரி.பி' என்று ஆறு மாதக் குறியீடு ஒன்று கொடுப்பார்கள், புதுப்பிக்கலாம், 1998ஆம் ஆண்டுச் சட்டமே ஆஸ்பத்திரி பொலிசுக்குச் சொல்லக் கூடாது என்கிறது. சுவிசில் விசா இல்லாதவரும் அடிப்படை மருத்துவக் காப்புறுதி எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், காப்புறுதிக்காரர் மறுக்க ஏலாது. மாதக் கட்டணம்தான் இடிக்கும். ஜேர்மனியில்தான் கவனம் தேவை. அங்கே விசா இல்லாதவரைப் பற்றி வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிக்கும் கடமை சமூக உதவி அலுவலகத்துக்குச் சட்டப்படி இருக்கிறது, ஆனால் வைத்தியருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரகசியம் காக்கும் கடமை இருக்கிறது. ஆகவே டுல்டுங் என்ற தற்காலிகத் தங்கல் கடதாசிகூட இல்லாதவர் நேரே சமூக அலுவலகத்துக்குப் போகாமல், மால்ற்றேசர் அமைப்பின் இலவசக் கிளினிக்குகளிடமோ 'மெடிபியூரோ' குழுக்களிடமோ முதலில் போவது நல்லது. அவசரம் என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிதான். கனடாவில் அகதிகளுக்கான மருத்துவ உதவியை 2012இல் வெட்டினார்கள், 2014இல் நீதிமன்றம் அதைக் கொடுமை என்று தீர்ப்புச் சொல்லி, 2016இல் திரும்பவும் முழுதாகக் கொடுத்தார்கள். கேஸ் மறுக்கப்பட்டவருக்கும் நாட்டை விட்டுப் போகும் வரைக்கும் அது ஓடும்.

அண்ணனின் நித்திரையைப் பற்றியும் கேளுங்கள். பகலில் வேலை, இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுக்கை, கதவு தட்டினால் நெஞ்சடிப்பு, பழைய சத்தங்கள் திரும்ப வருவது, பிறகு அதை அமத்தக் குடி. நாலு வருசக் காத்திருப்புக்குப் பிறகு "இல்லை" என்று ஒரு கடிதம் வருவது மனிசனை உடைக்கும், நாங்கள் சில பிள்ளைகளை அப்படி இழந்திருக்கிறோம். இதையும் வைத்தியரிடம் சொல்லலாம், சீனி ஏறுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. "இனி இருந்து என்ன" என்பது மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்தால் விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே பக்கத்தில் இருக்கிற யாரையாவது அவரோடு இருக்கச் சொல்லுங்கள். பிரான்சில் 3114 என்ற இலக்கம் இருபத்துநாலு மணித்தியாலமும் இலவசமாக எடுக்கும்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், இந்த வருத்தத்தைக் காட்டி விசா எடுக்கலாமா என்று. பிரான்சில் நோய்க்காக வதிவிட அனுமதி கொடுக்கிற சட்டம் உண்மையில் இருக்கிறது. ஆனால் சிகிச்சை கிடைக்காவிட்டால் மிகப் பாரதூரமான விளைவு வரும் என்பதோடு, சொந்த நாட்டில் அந்தச் சிகிச்சை அவருக்குக் கிடைக்காது என்பதையும் பார்ப்பார்கள். சீனி வருத்தத்துக்கு எங்கள் நாட்டில் இலவச மருந்து இருப்பதால் அந்த வழி அவருக்கு ஒடுக்கம். கால் மோசமாகியிருந்தால் நிலைமை வேறாகலாம், அதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்கட்டும். காசு வாங்கிக்கொண்டு மெடிக்கல் லெற்றர் செய்து தருகிறேன் என்பவனிடம் போகவே வேண்டாம். திரும்பி வருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அது அவருடைய முடிவு, ஆறாத காலோடும் ஏறிய சீனியோடும் எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது: அவருடைய பழைய கிளினிக் கொப்பி வீட்டில் இருக்கும், தேடி எடுங்கள். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய பக்கங்களை வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து அவருக்கு அனுப்புங்கள், மருந்துப் பெயர் அங்குள்ள வைத்தியருக்கும் விளங்கும். அங்கே இப்போது காலை, உங்களுக்கு மத்தியானம் கடந்திருக்கும், அவர் வேலைக்குப் போக முன் பிடிக்கலாம். எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள், பக்கத்து ஆஸ்பத்திரியில் பாஸ் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அங்கே என்னோடு வேலை செய்த பிள்ளைகளிடம் கேட்டு இன்று இரவுக்குள் சொல்கிறேன்.